சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

போதைப் பொருள்களைப் பற்றிப் பேச ஒரு மனநல மருத்துவரை வானொலிக்கு அழைத்தால் அவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். தொடாதே, தொட்டால் கெட்டாய் என்பார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைக்கும் நாளிலும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை போதும், வாழ்க்கை முடிந்தது என்று. அந்த வரிசையில் நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் இரண்டொருவர் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருப்பார்கள். தொட்ட மறுநாள் அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள், கணக்குப் பரீட்சை எழுதினார்கள், மாலையில் கிரிக்கெட் ஆடினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மேடையில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்று அவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு அவர் எவ்வளவு பெரிய உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது.

அதனால் இன்று நான் முதல் முறையைப் பற்றிக் கொஞ்சமாகவும், கடைசி நிலையைப் பற்றி அதைவிடக் கொஞ்சமாகவும் பேசுகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. சிலருக்கு அது சில வாரங்கள், சிலருக்குச் சில வருடங்கள். அந்தக் காலத்தில் பையன் நன்றாகத்தான் இருக்கிறான். வேலைக்குப் போகிறான், வீட்டில் சாப்பிடுகிறான், தங்கையின் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறான். வீட்டாருக்கு இந்தக் காலம் கண்ணில் படுவதே இல்லை. எங்களிடம் அழைத்து வரும்போது, "திடீரென்று இப்படி ஆகிவிட்டான்" என்கிறார்கள். திடீரென்று ஆனவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஒரு மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. அதை வைத்து ஜேம்ஸ் அந்தோனியும் அவருடைய சகாக்களும் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளை வாழ்நாளில் ஒரு முறையாவது பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர் பின்னர் அதற்கு அடிமையானார்கள் என்பதுதான் கேள்வி. புகையிலையில் 32 சதவீதம். ஹெராயினில் 23. கொக்கெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9.

இதை வானொலியில் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஹெராயினைத் தொட்டவர்களிலேயே நான்கில் மூன்று பேர் அடிமையாகவில்லை என்றால் பிள்ளைகள் துணிந்துவிட மாட்டார்களா? என் பதில் இதுதான். நான்கில் ஒருவருக்கு இடிந்து விழும் பாலத்தில் யாரும் பிள்ளையை நடக்கவிட மாட்டோம். இந்த எண்ணை மறைப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலின் உச்சியில் நிற்பது பெட்டிக்கடையில் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடைக்கிற பொருள். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. ஒரு சிகரெட்டையாவது பிடித்துப் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள், கொஞ்ச காலத்துக்காவது, தினமும் பிடிப்பவர்களாக மாறியிருந்தார்கள். மேலும், இந்த எண்களெல்லாம் எல்லா வயதுக்கும் சேர்த்துச் சொன்ன சராசரி. பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து இதைவிட அதிகம். நிதானமாக யோசித்து வேண்டாம் என்று தடுக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகின்றன. ஆசையைத் தூண்டும் பகுதிகளோ பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் வேலை செய்கின்றன.

எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் கேண்டல் 1975இல் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து ஒரு வரிசையைக் காட்டினார். முதலில் பீர் அல்லது ஒயின், அடுத்து சிகரெட் அல்லது கடுமையான மது, அதற்கடுத்து கஞ்சா, அதையும் தாண்டினால் மற்ற போதைப் பொருள்கள். இந்த ஆய்வைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கஞ்சாவுக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால் அநேகமாக எல்லாரும் சிகரெட்டையோ மதுவையோ கடந்து வந்திருப்பார்கள். சிகரெட்டில் இருப்பவர்களை முன்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சிகரெட்டைப் பார்த்ததும், நாளை ஊசி போட்டுக்கொள்ளப் போகிறான் என்று அலறுகிற தகப்பனார்களுக்காக இதைச் சொல்கிறேன். அதற்காகச் சிகரெட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முன்பு சொன்ன 32 சதவீதம் அதற்குத்தான்.

நம் ஊரில் வரிசை கொஞ்சம் வேறு. இங்கே பல பையன்களுக்கு முதலில் வருவது உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற சிறு புகையிலைப் பொட்டலம். கூல் லிப் என்று பெயர் சொன்னால் எந்த மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் தெரியும். புகை இல்லை, துப்ப வேண்டியதில்லை, புதினா வாசனை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம், ஆசிரியர் கண்டுபிடிப்பது கடினம். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தடை வந்தது. தடைக்குப் பிறகும் அவை மாநில எல்லையைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடையே கூல் லிப் பரவியிருப்பதைக் கவலையோடு எடுத்துப் பேசி, நாடு முழுவதும் இதை ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. இதற்கடுத்து ஊர்த் திருவிழாவில் ஒரு பீர். பிறகு ஒரு சிலருக்குக் கஞ்சா. இன்னும் சிலருக்கு வலி மாத்திரை.

சாலையோரத்தில் வளரும் குழந்தைகளுக்கு வரிசையே வேறு. அவர்களுக்கு முதலில் கிடைப்பது பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர் போன்ற முகரும் பொருள்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை மருந்துச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் ஒரே ஒரு வகையில்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிக விகிதத்தில் இருந்தார்கள். அது இந்த முகரும் பொருள்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம், பத்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் 1.17 சதவீதம். இந்தக் குழந்தைகளுக்காக எந்த மைதானத்திலும் உறுதிமொழி எடுப்பதில்லை. அவர்கள் பள்ளியிலேயே இல்லை.

முதல் பொட்டலத்தை யார் கொடுக்கிறார்கள்? பள்ளி வாசலில் மிட்டாய்க்குள் போதையை வைத்துக் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடிக்காரரைப் பற்றி வாட்ஸ்அப்பில் எல்லாரும் படித்திருப்பீர்கள். நான் கேட்ட கதைகளில் அவர் அநேகமாக வருவதே இல்லை. கொடுப்பவர் பெரியம்மா மகன். விடுதியில் மேல் கட்டிலில் தூங்குகிற சீனியர். பெயின்டிங் வேலையில் கூடவே சாரம் ஏறுகிற அண்ணன். காசு வாங்குவதில்லை. அன்பாகத்தான் கொடுக்கிறார். அறிமுகமில்லாதவரிடம் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தனக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல நாம் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

முதல் அனுபவம் பெரும்பாலும் இன்பமாகவும் இருப்பதில்லை. இருமல் வருகிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. கஞ்சாவில் சிலருக்கு நெஞ்சு படபடத்துச் செத்துவிடுவோமோ என்ற பயம்கூட வருகிறது. அப்படியானால் இரண்டாம் முறை எதற்கு? வாந்தி எடுத்தபோது முதுகைத் தடவிக்கொடுத்து, "முதல் தடவை அப்படித்தான்டா இருக்கும்" என்று சிரித்த அந்தக் கூட்டத்துக்காக. அந்தச் சிரிப்பில் அவன் உள்ளே வந்துவிட்டான். வீட்டில் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்காத ஒரு பையனுக்கு அது எவ்வளவு பெரிய வரவேற்பு என்பதைப் பெற்றோர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அந்த நடுக்காலம். இதை நான் சனிக்கிழமைக் காலம் என்பேன். பல பேர் சொன்னதைச் சேர்த்து ஓர் ஆளாக்கிச் சொல்கிறேன். இப்படி ஒரு தனி ஆளைத் தேட வேண்டாம். பாலிடெக்னிக் முடித்து ஒரு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலம் நான்கு பேர் ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூடுகிறார்கள். கஞ்சா, அல்லது டாஸ்மாக்கில் வாங்கிய குவாட்டர். பேச்சு, பாட்டு, பரோட்டா. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூக்கம். திங்கட்கிழமை வேலை. வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். யாருக்கும் தொந்தரவில்லை. "நான் நினைத்தால் விட்டுவிடுவேன்" என்கிறான். உண்மையில் அப்போது அவனால் விடவும் முடியும். அப்படி விட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மருத்துவரிடம் வருவதில்லை என்பதால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர்கள் இருப்பதே மறந்துபோகும்.

ஆனால் இந்தச் சனிக்கிழமைகளில் அவன் மண்டைக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரீபூர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில், ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். குரங்குக்குத் திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் அந்த அணுக்கள் துடித்தன. பழச்சாறு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார். சில நாளில் பழச்சாறு வரும்போது அணுக்கள் அமைதியாக இருந்தன. விளக்கு எரியும்போதே துடித்தன. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால், அது வரவேண்டிய நேரத்தில் அணுக்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது.

நம் பையனுக்கு அந்த விளக்கு எது? சம்பளம் வந்ததாகக் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மண் சாலை. நண்பனின் பைக் சத்தம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே அவனுக்கு உடம்பு பரபரக்கிறது. அன்று ஏதோ காரணத்தால் நண்பர்கள் வரவில்லை என்றால் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறான். எதற்குக் கோபப்படுகிறான் என்று அம்மாவுக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை. போதைப் பொருளுக்கும் பழச்சாற்றுக்கும் ஒரு வித்தியாசமும் உண்டு. பழச்சாறு எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் மூளை அதைப் பழகிக்கொண்டு சும்மா இருந்துவிடும். போதைப் பொருள் டோபமைனைத் தானே நேரடியாக ஏற்றிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் மூளை, இது எதிர்பார்த்ததைவிடப் பெரியது என்று திரும்பத் திரும்பக் குறித்து வைத்துக்கொள்கிறது. பாடம் முடிவதே இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். வேண்டும் என்ற துடிப்பும் அதில் கிடைக்கும் இன்பமும் மூளையில் தனித்தனியாக இயங்குகின்றன, நாள்பட நாள்படத் துடிப்பு கூடுகிறது, இன்பம் கூடுவதில்லை, குறையவும் செய்யலாம் என்றார்கள். எங்கள் நோயாளிகள் எந்த ஆய்வையும் படிக்காமலே இதைச் சொல்கிறார்கள். "இப்போதெல்லாம் அதில் ஒன்றுமே இல்லை டாக்டர். ஆனாலும் கால் அந்தப் பக்கம்தான் போகிறது."

சனிக்கிழமைக் காலத்தில் நண்பர்கள் வட்டத்தில் ஒருவனுக்குத் தனி மரியாதை கிடைக்கும். எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான். மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதே அவன்தான். ஸ்டெடியான ஆள் என்பார்கள். அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட், குடிநோயாளிகளின் மகன்களாகப் பிறந்த இளைஞர்களுக்கு ஆய்வகத்தில் அளந்து மது கொடுத்து, யாருக்கு எவ்வளவு போதை ஏறுகிறது என்று பார்த்து வைத்தார். சுமார் பத்தாண்டு கழித்து அவர்களை மீண்டும் தேடிப் பார்த்து 1994இல் எழுதினார். முன்பு போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாகப் போதை ஏறியவர்களில் 14 சதவீதம் மட்டுமே. இரண்டாவது கிளாஸிலேயே சாய்ந்து கேலிக்கு ஆளாகிறவனுக்கு உடம்பே ஒரு வேலி போட்டிருக்கிறது. ஸ்டெடியான ஆளுக்கு அந்த வேலி இல்லை. தகப்பனார் குடித்துக் கெட்ட வீட்டில் பிறந்து, தனக்கு எவ்வளவு போட்டாலும் ஏறுவதில்லை என்று பெருமைப்படுகிற இளைஞர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 56, 14.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வருகிறது. சூப்பர்வைசரோடு தகராறு, அல்லது பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அல்லது இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. காரணம் என்னவாகவும் இருக்கலாம். சனிக்கிழமை மிச்சம் வைத்த கஞ்சா பொட்டலமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. நண்பர்கள் இல்லை, பாட்டு இல்லை, பரோட்டா இல்லை. மொட்டை மாடியில் தனியாக. அன்று அவனுக்கு அது வேலை செய்கிறது. தகராறு மறந்துபோகிறது, தூக்கம் வருகிறது.

என் கணக்கில் முதல் முறையைவிட இந்தச் செவ்வாய்க்கிழமை பெரியது. அதுவரை அவன் சந்தோஷத்துக்கு மேல் சந்தோஷம் வேண்டிப் பயன்படுத்தினான். இன்றைக்கு ஒரு துன்பத்தைத் தணிக்கப் பயன்படுத்தினான். சந்தோஷத்துக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். துன்பத்துக்கு வாரத்தில் எந்த நாளும் விடுமுறை கிடையாது. இதற்கு மேல் ஒரு கொடுமை இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்தப் பொருளே புதுத் துன்பத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. சிகரெட் பிடிப்பவர், டென்ஷன் குறைகிறது என்கிறார். குறைகிறது, சந்தேகமில்லை. கடைசிச் சிகரெட்டின் நிகோட்டின் இரத்தத்தில் இறங்கியதால் வந்த டென்ஷன்தான் குறைகிறது. புகைக்காதவருக்கு அந்தப் பகுதி டென்ஷனே கிடையாது. தூக்கத்துக்காகக் கஞ்சாவுக்குப் போனவனுக்கு அது இல்லாத இரவில் தூக்கம் வருவதில்லை. கை நடுக்கத்தை நிறுத்தக் காலையில் ஒரு கிளாஸ் குடிக்கிறவருக்கு அந்த நடுக்கத்தைக் கொடுத்ததும் முந்தைய கிளாஸ்தான்.

வலி மாத்திரைகளில் இந்த நடுக்காலம் மிகவும் சுருங்கிவிடுகிறது. டாபென்டடால் போன்ற மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டியவை. அபினோடு உறவுள்ள வேதிப்பொருள்கள் வேலை செய்கிற அதே இடத்தில் மூளையில் வேலை செய்பவை. மருந்துக் கடைகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் கள்ளத்தனமாக வந்த இந்த மாத்திரைகளைப் பிடித்ததாகத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். மூட்டை தூக்குகிறவர், சமையல் வேலைக்குப் போகிறவர், இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் என்று உடம்பு நொறுங்க வேலை செய்கிறவர்களுக்கு இது முதலில் வலிக்காகவே வருகிறது. மருந்துதானே, கஞ்சா இல்லையே என்ற தைரியம் வேறு. தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடுகிறது. ஒரு நாள் நின்றால் கொட்டாவி, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் குடைச்சல். வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை இப்போது தானே வலியைக் கொடுக்கிறது. அந்த வலிக்கு அதே மாத்திரை தேவைப்படுகிறது. சிலர் இதை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் போகிறார்கள். ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் கூடவே வருகின்றன.

இந்த இடத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம். வரலாற்றில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையைச் சொல்கிறேன். யாரும் திட்டமிடாமல் நடந்தது. 1971இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் தாராளமாகப் பரவியிருப்பது தெரிந்து அமெரிக்காவே கலங்கியது. ஊசிகூடத் தேவையில்லை, அவ்வளவு சுத்தமான சரக்கு. சிகரெட்டில் சேர்த்தே புகைத்தார்கள். ஆயிரக்கணக்கான அடிமைகள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று பயந்த நிக்சன் அரசு, ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர் லீ ராபின்ஸிடம் வந்தது. 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுத்து அவருடைய குழு நேரில் பேட்டி கண்டது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் அபினையோ ஹெராயினையோ தொட்டுப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகவே இருந்ததாக ஒத்துக்கொண்டார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அந்த அடிமைகளில் எத்தனை பேர் மீண்டும் அடிமையானார்கள்? சுமார் 5 சதவீதம். மூன்று வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும், சிறிது காலத்துக்காவது மீண்டும் அடிமையானவர்கள் 12 சதவீதம் மட்டுமே.

அந்தக் காலத்தில் யாரும் இதை நம்பவில்லை. ராபின்ஸ் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன்கள் திரும்பிய ஊரில் முகாம் இல்லை, மரண பயம் இல்லை, கூடப் புகைத்த கூட்டாளிகள் இல்லை, தெருவுக்குத் தெரு மலிவான ஹெராயினும் இல்லை. ஷுல்ட்ஸின் குரங்குக்கு விளக்கு எரிந்ததே, அந்த விளக்குகள் எல்லாம் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன.

நாம் என்ன செய்கிறோம்? மாத்திரைக்கு அடிமையான பையனை எங்கோ தொலைவில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் சில மாதங்கள் வைத்துவிட்டு, அதே தெருவுக்கு, அதே தண்ணீர்த் தொட்டிக்கு, அதே வேலையில்லாத மதியங்களுக்குத் திருப்பி அழைத்து வருகிறோம். எல்லா விளக்குகளும் இங்கேயே எரிந்துகொண்டிருக்கின்றன. இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டால், இவனுக்கு மனஉறுதி இல்லை என்கிறோம். இடத்தை மாற்ற எல்லாருக்கும் வசதி இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஷிப்டை மாற்றலாம், சம்பளத்தைக் கொஞ்ச காலம் அக்கா கையில் கொடுக்கச் சொல்லலாம், சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வேறு ஒரு வேலையை முன்கூட்டியே கட்டி வைக்கலாம். சின்ன விஷயங்கள்தான். அபின் வகைக்கு அடிமையானவர்களுக்கு புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் பார்வையில் நீண்ட நாள் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். சர்க்கரை நோய்க்குத் தினமும் மாத்திரை போடுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

திரும்பி வந்தவர்களின் வீட்டாருக்கு இன்னொரு எச்சரிக்கை. சில மாதங்கள் விட்டிருந்தவரின் உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். மனம் மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். மறுபடி தொட்டால் அந்தப் பழைய அளவே உயிரைக் கொண்டுபோய்விடும். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை போல இழுத்துக்கொண்டோ இருந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் 108ஐ அழையுங்கள்.

நடுக்காலத்தை வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்பீர்கள். சட்டைப் பையைச் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் சோதித்தால் எட்டாம் நாள் ஒளித்து வைக்கும் இடத்தை மாற்றிவிடுவான். "குடித்தாயா, ஊது பார்க்கலாம்" என்று கேட்பதிலும் பயனில்லை. அதற்கு இல்லை என்ற ஒரு பதில்தான் வரும். வேறு சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை அமைதியான ஒரு நேரத்தில், அவன் தெளிவாக இருக்கும்போது கேட்க வேண்டும். முன்பு நான்கு பேரோடு மட்டும் நடந்தது இப்போது தனியாகவும் நடக்கிறதா? கடைசியாக அது இல்லாமல் போன சனிக்கிழமை எப்போது, அன்று எப்படி இருந்தது? சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால், காலையில் கண் விழித்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் சிகரெட்? இந்தக் கடைசிக் கேள்வியை உலகம் முழுவதும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்று பதில் வந்தால், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்க வேண்டிய அவசியம்கூட அநேகமாக இல்லை.

கேட்ட பிறகு கத்தாமல் இருப்பதுதான் கடினம். ஒரு முறை கத்திவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமையைப் பற்றி உங்களுக்குச் செய்தி வராது.

சிகிச்சைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. முன்பு சொன்ன 2019 ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. வெட்கம் ஒரு காரணம், போலீஸ் பயம் இன்னொரு காரணம். போலீஸ் பயத்துக்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான ஓர் அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்குத் தொடர்வதிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியும். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்வார் என்று எண்ணி வீட்டிலேயே நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டாம்.

தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோரும் அழைக்கலாம், பையன் சம்மதித்த பிறகுதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. நேரில் வருவதானால் உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். எதற்கு என்று அந்தச் சன்னலில் விளக்க வேண்டியதில்லை. தினமும் குடிக்கிறவராக இருந்தால், வருவதற்கு முன் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வர வேண்டாம். அதில் வலிப்பும் குழப்பமும் வரக்கூடும். குடிக்கிற நிலையிலேயே வாருங்கள். நிறுத்துவதை நாங்கள் கூட இருந்து செய்கிறோம்.

வணக்கம்.